ஸ்படிகம் விற்க எந்தச் சந்தை?

திருச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மலைக்கோட்டை ஞாபகம் வரும், ஸ்ரீரங்கம் ஞாபகம் வரும். நகைக்கடைக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். செயற்கை வைரம்! தோடு, மூக்குத்தி, பதக்கம், பரதநாட்டிய நகைச் செட் என்று எதில் வெள்ளைக் கல் பதித்திருந்தாலும், அதைத் திருச்சியிலோ புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலோ யாராவது ஒருவர் கையால் பட்டை தீட்டியிருப்பார் என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. பல ஆயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. வீட்டுத் திண்ணையிலேயே சாணைச் சக்கரம் சுற்றும். குச்சி நுனியில் அரக்கு வைத்து, அதில் மிளகை விடச் சின்னக் கல்லை ஒட்டி, கண்ணளவிலேயே கோணம் பார்த்துத் தேய்ப்பார்கள்.

இன்றைக்கு அந்தச் சத்தம் கேட்கும் தெருக்கள் குறைந்துவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பி.காம்., பி.சி.ஏ. என்று படித்து முடித்திருக்கிறார்கள். அப்பா டப்பாவில் போட்டு வைத்திருக்கும் கற்களையும், ஸ்ரீரங்கம் கோயில் கடைகளில் விற்பது போன்ற ஸ்படிக மாலைகளையும் இணையத்தில் விற்றால் என்ன என்று அவர்களில் சிலருக்காவது தோன்றாமல் இருக்காது. தோன்றியதும் முதலில் கேட்கும் கேள்வி: "எந்த சைட்ல விக்கலாம்?" அமேசானா, எட்சியா, மீஷோவா, இன்ஸ்டாகிராமா?

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய வரிசையில் அது மூன்றாவது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதற்குப் போவதால்தான் பல இணையக் கடைகள் ஆரம்பித்த வேகத்திலேயே மூடப்படுகின்றன.

முதல் கேள்வி, விற்கப் போகும் பொருள் என்ன? சிரிக்க வேண்டாம். 'கிரிஸ்டல்' என்ற வார்த்தை அவ்வளவு மோசமான வார்த்தை. இயற்பியல் வகுப்பில் கேட்டால் உப்பும் கிரிஸ்டல், கற்கண்டும் கிரிஸ்டல். (பனங்கற்கண்டை ஆன்லைனில் விற்பவர்களுக்கு இத்தனை தலைவலி இல்லை, வாயில் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.) கடைத்தெருவில் கேட்டால் பளபளவென்று பட்டை தீட்டிய கண்ணாடியும் கிரிஸ்டல்தான். 1895-ல் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஸ்வரோவ்ஸ்கி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது கண்ணாடியை வைத்துத்தான். பூமியிலிருந்து எடுக்கும் ஸ்படிகம் வேறு, அது குவார்ட்ஸ். தொழிற்சாலையில் தயாராகும் க்யூபிக் சிர்கோனியா வேறு, அதுதான் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடைகளில் சொல்வது. அது அமெரிக்காவிலிருந்து வந்ததும் இல்லை, டைமண்டும் இல்லை!

திருச்சிக்காரர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். 1902-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஆகுஸ்ட் வெர்னாய், அலுமினியம் ஆக்சைடு பொடியை நெருப்பில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தார். அதற்குப் பிறகுதான் 'செயற்கைக் கல்' என்பது ஒரு தொழிலாக ஆனது. கச்சாக் கல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பின்னர் மேட்டுப்பாளையத்திலேயே இந்தோ-சுவிஸ் என்ற பெயரில் ஒரு தொழிற்சாலையும் வந்தது. 1976 வாக்கில் க்யூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்ததும் வெள்ளைக் கல்லுக்கு அதுவே ராஜாவாகிவிட்டது. கைச்சாணைக்கு வேலை இருந்த வரைக்கும் எல்லாம் சரிதான். தாய்லாந்திலும் சீனாவிலும் இயந்திரத்தில் பட்டை தீட்டிய கல் வந்து குவிந்தபோது கணக்கு மாறிவிட்டது. சீனாவின் வூஜோ நகரம் இந்தச் செயற்கைக் கற்களுக்கென்றே பெயர் பெற்ற ஊர். ஒரே அளவு, ஒரே பட்டை, ஆயிரக்கணக்கில். திண்ணைச் சக்கரம் அதோடு விலையில் போட்டி போட முடியாது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்துக்குப் போவதால் வூஜோ காணாமல் போய்விடாது. சொல்லப் போனால் இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கடைத்தெருவில் வாங்குகிறவர் நான்கு கடை ஏறி இறங்க வேண்டும். செல்போனில் ஒரே திரையில் நாற்பது கல் வரிசையாக நிற்கும், 'விலை குறைவானது முதலில்' என்று ஒரு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானை அழுத்தினால் திருச்சிக் கல் எத்தனையாவது பக்கத்தில் போய் நிற்கும் என்பதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவார்? இதுதான் உண்மையில் கஷ்டமான கேள்வி.

ஸ்படிக மாலை வாங்கும் பெரியவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், இல்லையென்றால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பக்தி பாதி, பரிசோதனை பாதி! குவார்ட்ஸ் கண்ணாடியை விட வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும், அதனால் தொட்டதும் சில்லென்று இருக்கும். ஸ்படிக உருண்டை வழியாக ஒரு கோட்டைப் பார்த்தால், உருண்டையைத் திருப்பும்போது சில பக்கங்களில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். கண்ணாடிக்குள் சில நேரம் காற்றுக்குமிழி உருண்டையாக நிற்கும். க்யூபிக் சிர்கோனியாவைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். வைரத்தின் அடர்த்தி 3.52, சிர்கோனியாவுக்கு ஏறக்குறைய 5.6 முதல் 6 வரை. ஒரு காரட் வைரத்தின் அதே அளவுள்ள சிர்கோனியா சுமார் 1.6, 1.7 காரட் எடை காட்டும். குவார்ட்ஸுக்கோ 2.65தான்.

இதில் எதுவும் போட்டோவில் வராது. குளிர்ச்சி வராது, எடை வராது, கோடு இரண்டாகத் தெரிவதும் வராது. வெள்ளைத் துணி மேல் வைத்து நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் ஐம்பது ரூபாய் கண்ணாடியும் ஆயிரம் ரூபாய் ஸ்படிகமும் ஒரே மாதிரிதான் ஜொலிக்கும். கண்ணாடி கொஞ்சம் கூடுதலாகவே ஜொலிக்கலாம். சர் சி.வி. ராமன் 1888-ல் திருச்சியில் பிறந்தவர். வைரங்களையும் படிகங்களையும் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்குள் ஒளி என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர், பெங்களூரில் அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் அந்தச் சேகரிப்பு இருக்கிறது. அவரிடம் ஒரு ஜேபெக் படத்தை நீட்டி 'இது ஒரிஜினல் ஸ்படிகம் சார்' என்று சொன்னால் என்ன செய்திருப்பார்? கல்லைக் கேட்டிருப்பார்!

கல்லில் ஏமாற்றுவது ஒன்றும் இணையம் கண்டுபிடித்தது இல்லை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் குவார்ட்ஸ், பெரில், சூதுபவளம் என்று மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. ரோமாபுரிக்குப் போன கற்களில் இந்தப் பக்கத்துக் கற்களும் உண்டு. அதே ரோமாபுரியில் இருந்த பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றி விலையுயர்ந்த கல் போலச் செய்துவிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கஸ்டமர் ரிவ்யூ, ஒரு ஸ்டார்! இன்னொரு பக்கம், தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லை அறுத்துத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தார்கள். அங்கே ஏமாற்றவே முடியாது. போட்டுப் பார்த்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, ஒரு தளம் நல்லதா கெட்டதா என்பதை 'எத்தனை கோடிப் பேர் வருகிறார்கள்' என்று மட்டும் பார்ப்பது தப்பு. கையும் கன்னமும் செய்கிற வேலையை அந்தத் தளத்தில் வேறு எது செய்யும் என்று பார்க்க வேண்டும். கல்லைத் தராசில் வைத்து வீடியோ காட்ட முடியுமா? 'இது தொழிற்சாலைக் கல், விலை இவ்வளவு, பட்டை தீட்டியது இன்ன ஊரில்' என்று விளக்கமாக எழுத இடம் இருக்கிறதா? வாங்குகிறவர் சந்தேகம் கேட்டால் விற்கிறவரே பதில் சொல்ல முடியுமா? வாங்கியவரின் விலாசம் விற்றவரிடம் மிஞ்சுமா?

இந்த இடத்தில் கே.கே. நகர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. உழவர் சந்தை! 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய திட்டம். கே.கே. நகரிலும் ஒன்று உண்டு. அது எப்படி நடக்கிறது? விவசாயி என்று அடையாள அட்டை இருந்தால்தான் உள்ளே கடை. வாடகை இல்லை, கமிஷன் இல்லை. தராசு சந்தையே கொடுக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். கத்தரிக்காய் விற்கிற அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால், நேற்று வாங்கியதில் பாதி சொத்தை என்றால் இன்றைக்குப் போய்ச் சண்டை போடலாம். விற்பவர் யார் என்று தெரியும், எடை சரியென்று தெரியும், விலை தெரியும். ஒரு சந்தைக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

பெரிய இணையத் தளங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். விற்பவர் யார்? மின்வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவரின் விவரத்தையும் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்டச் சொல்கின்றன. அதைத் தேடிப் படிக்கிறவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். வாடகை, கமிஷன்? அங்கேதான் உழவர் சந்தையும் இதுவும் பிரிகின்றன.

எட்சியை எடுத்துக்கொள்ளலாம். 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கைவினைக்காரர்களுக்காகத் தொடங்கியது. கல், மணி, மாலை விற்பவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே கடை போடுகிறார்கள். ஒரு பொருளை நான்கு மாதம் பட்டியலில் வைக்க 20 சென்ட். விற்றால் கமிஷன். அது 2018-ல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆனது, 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அனுப்பும் செலவுக்கு வாங்கும் தொகைக்கும் சேர்த்தே கமிஷன்! பணம் கைமாறுவதற்குத் தனிக் கட்டணம். எட்சி வெளியில் கொடுத்த விளம்பரம் வழியாக வாடிக்கையாளர் வந்திருந்தால் மேலும் 15 சதவீதம். 20 டாலர் மாலை ஒன்று அப்படி விற்றால் 0.20, 1.30, 3 என்று 4.50 டாலர் அங்கேயே போய்விடும், பணம் கைமாறும் கட்டணம் இதில் சேரவில்லை. சின்னக் கடைக்காரர் இந்த விளம்பரம் வேண்டாம் என்று ஒதுங்கலாம். வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டால் ஒதுங்கவும் முடியாது, 12 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் கமிஷன் ஏறியபோது ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். கமிஷன் இறங்கவில்லை.

அதற்காக எட்சி மோசம் என்று அர்த்தமில்லை. கையால் பட்டை தீட்டிய ஒரு கல்லுக்கு, அது கையால் தீட்டியது என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் அங்கேதான் கூட்டமாக இருக்கிறார்கள். திண்ணைச் சக்கரத்தின் கதைக்கு மரியாதை கிடைக்கிற இடம் அது. ஆனால் கடல் தாண்டிப் போகிற பார்சலுக்குக் கடலளவு நிச்சயமின்மையும் உண்டு. 800 டாலருக்குக் குறைவான பார்சலுக்கு வரி இல்லை என்றிருந்த சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தி வைத்து, அக்டோபர் நடுவில்தான் மறுபடி ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வாடிக்கையாளரை மட்டும் நம்பி இருந்த சின்னக் கடைக்கு அந்த ஏழு வாரம் எப்படிப் போயிருக்கும்?

அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ கதை வேறு. கமிஷன் அங்கே குறைந்துகொண்டே வருகிறது. மீஷோ 2021-லேயே கமிஷன் இல்லை என்றது, அமேசான் 2025-ல் 300 ரூபாய்க்குக் குறைவான பொருள்களுக்கு விட்டுக்கொடுத்தது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்படிகம் விற்பவருக்கு அங்கே இருக்கும் ஆபத்து கமிஷன் இல்லை, பக்கத்துக் கடை. 'ஒரிஜினல் ஸ்படிக மாலை' என்ற தலைப்பிலேயே கண்ணாடி மாலையும் நிற்கும், இரண்டுக்கும் ஒரே மாதிரி படம். உண்மையான மாலையை விற்பவர் விலையைக் குறைக்கவும் முடியாது, குறைக்காமல் விற்கவும் முடியாது. கடைசியில் அவரும் கண்ணாடி வாங்கிப் போட ஆரம்பிப்பார். நல்ல காசைக் கெட்ட காசு விரட்டுவது போலத்தான்.

ரிட்டர்ன் தொல்லையும் இருக்கிறது. சட்டை திரும்பி வந்தால் அதே சட்டையா என்று பார்த்தவுடன் தெரியும். கல் திரும்பி வந்தால்? அனுப்பியது ஸ்படிகம், வந்தது கண்ணாடி என்று விற்றவர் எப்படி நிரூபிப்பார்? பேக் செய்யும்போது தராசோடு வீடியோ எடுத்து வைப்பவர்கள் புத்திசாலிகள். அப்போதும் தீர்ப்பு சொல்கிறவர் கல்லைப் பார்க்கப் போவதில்லை, எங்கேயோ ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து படத்தைத்தான் பார்க்கப் போகிறார்.

சில்லறையை விட்டுவிட்டு மொத்த வியாபாரம் என்றால் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இண்டியாமார்ட். 1996-லிருந்து இருக்கிறது. நகைப் பட்டறைக்காரருக்கு 2 மில்லிமீட்டர் வட்டக்கல் ஆயிரம் வேண்டும் என்றால் அவர் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அங்கே கமிஷன் கிடையாது, விசாரிப்புகளை வாங்கச் சந்தா கட்ட வேண்டும். வருகிற பத்து விசாரிப்பில் எத்தனை தேறும் என்பது விற்பவரின் பொறுமையைப் பொறுத்தது. (2016-ல் மத்திய அரசு தொடங்கிய தளத்துக்கு 'ஜெம்' என்று பெயர். பெயரைப் பார்த்துக் கல் விற்க அங்கே யாராவது போய்விடப் போகிறார்கள்! அது அரசு அலுவலகங்கள் நாற்காலி, கம்ப்யூட்டர் வாங்குகிற இடம்.)

வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் மிச்சம். கே.கே. நகருக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. விமான நிலையம் கூப்பிடு தூரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய் வருகிற குடும்பங்களில் யாரோ ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அங்கே இருக்கிற அக்காவுக்கு ஒரு மாலை, அக்காவின் தோழிக்கு ஒரு மாலை என்று வியாபாரம் வாய்வழியாக நகரும். வீடியோ காலில் கல்லைத் தராசில் வைத்துக் காட்டலாம், கோட்டின் மேல் உருட்டிக் காட்டலாம். கன்னத்தில் வைப்பதற்கு ஈடு இல்லைதான், ஆனால் போட்டோவை விட எத்தனையோ மேல். 'இது ஸ்படிகம் இல்லம்மா, சிர்கோனியா, அதான் இந்த விலை' என்று வாயால் சொல்ல முடிகிற இடமும் இதுதான். உழவர் சந்தைக்கு இணையத்தில் ஒரு சொந்தக்காரர் உண்டென்றால் அது இந்த வாட்ஸப் வியாபாரம்தான்.

இதன் குறையும் தெரிந்ததே. தெரிந்தவர்கள் வட்டம் தீர்ந்ததும் வியாபாரமும் தீர்ந்துவிடும். முன்பின் தெரியாதவர் முன்பணம் அனுப்பத் தயங்குவார், தயங்குவது நியாயமும்கூட. பெரிய தளங்கள் கமிஷன் வாங்குவது சும்மா இல்லை. 'பணம் போனால் நாங்கள் பொறுப்பு' என்று முகம் தெரியாதவருக்குச் சொல்வதற்கு விலை அது. தளங்களைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வரிக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருஷம் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஆன்லைன் தளத்தில் விற்றால் எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் பதிவு கட்டாயம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது, மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்கள் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். மாநில எல்லையைத் தாண்டினால் பொதுவாகப் பதிவு வேண்டும், வாட்ஸப்பில் விற்றாலும்கூட. பெங்களூரில் இருக்கிற அத்தைக்கு விற்கிற மாலைக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்று பலர் யோசிப்பதே இல்லை.

கல் விற்பவர்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது, அது எந்தத் தளத்துக்குப் போனாலும் கூடவே வரும். 'இதை அணிந்தால் சர்க்கரை குறையும், குழந்தை பிறக்கும், பிரஷர் இறங்கும்' என்று எழுதுவது. மருந்து மற்றும் மந்திர சிகிச்சைகள் விளம்பரச் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. தாயத்து, கவசம், மந்திரித்த பொருள் எதுவானாலும் அது நீரிழிவு போன்ற நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. தளங்களும் சும்மா இருப்பதில்லை. ஈபே 2012-ல் மந்திரம், சாபம், ஆசீர்வாதம் விற்பதற்குத் தடை போட்டது, எட்சி 2015-ல் பலன் தருவதாக வாக்குக் கொடுக்கும் மந்திரச் சேவைகளை நீக்கியது. கல்லை விற்கலாம், பலனை விற்கக் கூடாது. சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் நடக்கிறது, ராமேஸ்வரத்தில் விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம் நடக்கிறது. அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் பக்தியோடு நிற்கிறார்கள், கேரண்டி கார்டு கேட்டு இல்லை. மாலை வாங்குகிறவர் தன் நம்பிக்கையைத் தானே கொண்டு வருவார், கடைக்காரர் அதற்கு மேல் பொய் தடவ வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தளம் நிரந்தரமா? 2000-ல் தொடங்கிய பாஸி டாட் காமை 2004-ல் ஈபே வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது. கல், நாணயம், தபால்தலை விற்றவர்களுக்கு அது பெரிய வாசல். வருஷக்கணக்கில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சேர்த்த நல்ல பெயர், 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டபோது அதோடு போனது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது அதில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. கடை வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரர் ஒரு மாதம் முன்னால் சொல்லி அனுப்புவார். இங்கே அந்த மரியாதைகூட நிச்சயம் இல்லை.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் கே.கே. நகரில் மாடி அறையில் உட்கார்ந்து கல் விற்க நினைக்கிற ஒருவருக்கு எது சரி? சிர்கோனியாவை எண்ணிக்கையில் விற்பவர் இண்டியாமார்ட்டில் ஒரு வருஷம் சந்தா கட்டிப் பார்க்கலாம். அப்பா கையால் தீட்டிய நல்ல கல் ஐம்பது நூறுதான் இருக்கிறது என்றால் அதை எட்சியில் ஒவ்வொன்றாக, கல்லுக்கு ஒரு கதையோடு வைக்கலாம், அமெரிக்காவை மட்டும் நம்பாமல். ஸ்படிக மாலைக்கு முதலில் தமிழ்நாட்டுக்குள், வாட்ஸப்பில், வீடியோவோடு. அமேசான் வகையறாவுக்குக் கடைசியில் போனால் போதும், அதுவும் திருவிழாக் கடை போடுவது மாதிரி. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கடை விரிப்பவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொள்வதில்லையே! கூட்டம் வரும் நாளில் விற்றுவிட்டு, பார்சலுக்குள் தளத்தின் விதி அனுமதிக்கும் அளவுக்குத் தன் கடைப் பெயரையும் ஊரையும் தெளிவாக அச்சடித்துப் போட்டு அனுப்பினால், அடுத்த தடவை தேடுகிறவர் பெயரைச் சொல்லித் தேடுவார்.

எங்கே விற்றாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதில் கல்லின் வகை, எடை, அளவு, எங்கே வாங்கியது, யாருக்கு விற்றது என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பழைய பட்டை தீட்டும் வீடுகளில் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும், கூலிக் கணக்குக்காகவாவது. அதையே கம்ப்யூட்டரில் எக்ஸெலில் போடுவது பி.காம். படித்த பிள்ளைக்கு ஒரு மணி நேர வேலை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வேண்டும், அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. அப்பாவின் டப்பாவைத் திறந்து, கற்களைக் கொட்டி, எது சிர்கோனியா, எது ஸ்படிகம், எது வெறும் கண்ணாடி என்று பிரிக்கிற வேலையைச் சக்கரம் சுற்றிய கை வீட்டில் இருக்கும்போதே, அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்த சைட் என்று யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.